கால் இழந்தவரும் கால் செயலிழந்தவரும்: ஸனார்டி, வாட் ஓர் ஒப்பாய்வு

கால்களின் துணையின்றிப் பந்தயக் கார் ஓட்டியவர் யார் என்று கேட்டால் பெரும்பாலோர் இத்தாலியின் அலெக்ஸ் ஸனார்டியைத்தான் சொல்வார்கள். அந்தப் புகழுக்கு அவர் முழுத் தகுதி உடையவர். ஆனால் ஸனார்டி பந்தயத்துக்குத் திரும்பியது 2003இல். அதற்கு ஓராண்டு முன்பே, 2002இல், டென்மார்க்கின் ஜேசன் வாட் கைகளால் மட்டுமே ஓட்டி டேனிஷ் டூரிங் கார் சாம்பியன் ஆகிவிட்டார். இருவரின் பாதையையும் சேர்த்துப் பார்த்தால்தான் வாட் செய்ததன் கனம் புரியும்.

விபத்துக்கு முன் இருவரும் முதல் வரிசை ஓட்டுநர்கள். 1966இல் பிறந்த ஸனார்டி அமெரிக்காவின் கார்ட் தொடரில் 1997, 1998 என்று அடுத்தடுத்து சாம்பியன்; 1999இல் வில்லியம்ஸ் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டியவர். மூன்று வயதுக்கு மேல் இளையவரான வாட் அந்த வாசல் வரை வந்தவர். ஃபார்முலா ஒன்னுக்கு ஒரு படி கீழே இருந்த ஃபார்முலா 3000 தொடரில், 1999இல் நிக் ஹைட்ஃபெல்டுக்கு அடுத்து இரண்டாம் இடம் பிடித்தார். ஹைட்ஃபெல்ட் மறு ஆண்டே ஃபார்முலா ஒன்னில் ஓட்டினார். வாட்டுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. 1999இலேயே நடந்த மோட்டார் சைக்கிள் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார்.

ஸனார்டியின் விபத்து உலகத்தின் கண் முன்னால் நடந்தது. 2001 செப்டம்பர் 15 அன்று ஜெர்மனியின் லவுசிட்ஸ்ரிங் தடத்தில், பிட்டிலிருந்து வெளியேறிய அவருடைய கார் சுழன்று தடத்தின் குறுக்கே வந்தது. முழு வேகத்தில் வந்த இன்னொரு கார் அதன் மேல் மோதியது. இரண்டு கால்களும் போயின. 2003இல் அதே தடத்துக்குத் திரும்பி, அன்று விட்டுப்போன 13 சுற்றுகளை ஓட்டி முடித்தார். வாட்டின் விபத்து பந்தயத் தடத்துக்கு வெளியே நடந்தது. அவர் மீண்டு வந்ததும் சிறிய நாடொன்றின் உள்நாட்டுத் தொடரில். புகழில் உள்ள ஏற்றத்தாழ்வுக்கு இதுவே பெரிய காரணம். திறமையில் இருந்த வேறுபாடு அல்ல.

உடல் என்ற அளவுகோலை எடுத்தால் ஒப்பீடு இன்னும் கூர்மையாகிறது. காரின் பின்பக்கம் வழுக்கத் தொடங்குவதை ஓட்டுநர் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே இருக்கை வழியாக இடுப்பிலும் முதுகிலும் உணர்கிறார். அந்த நொடித் துணுக்கில்தான் ஸ்டீயரிங் திருத்தப்படுகிறது. ஸனார்டி கால்களை இழந்தாரே தவிர, இடுப்பின் உணர்வும் வலிமையும் அவரிடம் இருந்தன. தன் பிஎம்டபிள்யூ டூரிங் காரில் ஸ்டீயரிங்கில் பொருத்திய வளையத்தால் வேகம் கொடுத்தார். பிரேக்கைச் செயற்கைக் காலால், இடுப்பின் விசை கொண்டு மிதித்தார். தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்கு அந்த வழி கிடையாது. காயத்துக்குக் கீழே தசையும் அசையாது, உணர்வும் எட்டாது. வளைவில் உடலை நிலைநிறுத்தக்கூட இருக்கையையும் பெல்ட்டையும்தான் நம்ப வேண்டும். வேகம், பிரேக், திருப்பம் என்று எல்லா வேலையும் கைகளில் வந்து குவியும். வளைவுக்கு வளைவு நான்கு உறுப்புகள் பங்கிட்டுக்கொள்ளும் பணியை வாட்டின் இரண்டு கைகளே செய்தன. மற்றவர்களுக்கு இருக்கை சொன்ன செய்தியை அவர் ஸ்டீயரிங்கின் நடுக்கத்திலும் கண்ணிலும் காதிலும் தேடிப் படித்தார்.

இருவரையும் ஏற்றுக்கொண்டது டூரிங் கார் என்பது தற்செயல் அல்ல. சாலையில் ஓடும் காரிலிருந்து உருவாவதால் அதன் உள்ளே கைக்கருவிகள் பொருத்த இடமுண்டு. ஒற்றை இருக்கைப் பந்தயக் காரின் இடுக்கில் அது மிகக் கடினம். வாட்டுக்கு இந்த வகைக் கார் புதிதுமல்ல. 1996இல் சர்வதேச டூரிங் கார் தொடரில் ஆல்ஃபா ரோமியோ ஓட்டியவர்.

எதிராளிகளின் தரத்தில் தராசு ஸனார்டி பக்கம் சாய்கிறது. அவர் மோதியது ஆண்டி பிரியோல்ஸ், கேப்ரியேல் டார்குவினி போன்றோர் இருந்த உலக டூரிங் கார் தொடரில். 2005இல் ஜெர்மனியின் ஓஷர்ஸ்லேபெனில் தொடங்கி 2009க்குள் நான்கு பந்தயங்களை அங்கே வென்றார். ஆனால் டென்மார்க் தொடரும் எளிய களம் அல்ல. வாட்டுக்கு அடுத்த ஆண்டே அங்கே பட்டம் வென்றவர், ஃபார்முலா ஒன் ஓட்டிய யான் மாக்னுசன். தவிர, ஒரு பந்தயத்தை வெல்ல ஒரு நல்ல நாள் போதும். ஒரு தொடரை வெல்ல ஆண்டு முழுவதும் வெயிலிலும் மழையிலும், மோதலிலும் நெரிசலிலும் தவறாமல் புள்ளி சேர்க்க வேண்டும். வாட் அதைச் செய்தார்.

பிறகு ஸனார்டி கையால் இயக்கும் சைக்கிளுக்கு மாறி, லண்டன், ரியோ பாராலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்றார். மனித வாழ்வின் வீச்சு என்று பார்த்தால் அவருக்கு நிகர் சொல்வது கடினம். கார் ஓட்டும் கலை என்று மட்டும் பார்த்தால் என் தீர்ப்பு வாட்டின் பக்கம். அவர் இழந்தது கூடுதல், வென்றது முழுத் தொடர், செய்ததும் முதலில். பந்தய வரலாற்றை எழுதுகிறவர்கள் ஸனார்டியின் அத்தியாயத்துக்கு முன்பாக வாட்டின் 2002ஆம் ஆண்டை எழுத வேண்டும்.