அங்கோராவுக்குப் போன பணமும் கோழிக்கோட்டுக்கு வந்த பணமும்

கடலுக்கு அப்பால் வாழும் யத்தீம்களுக்காகத் திருச்சிராப்பள்ளியில் துண்டு ஏந்துவது இன்று நேற்றுத் தொடங்கிய வழக்கமன்று. இன்று அக்குழந்தைகளின் முகம் கைபேசியில் வந்து சேர்கிறது. படத்தின் கீழே வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கிறது. நூறாண்டுகளுக்கு முன்னர் முகமும் இல்லை, எண்ணும் இல்லை. ஜும்ஆவுக்குப் பின் ஆலிம் ஒருவர் எழுந்து நின்று சொன்ன சொல்லை நம்பியே நம் முன்னோர் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்த பணம் எங்கே போயிற்று என்னும் கேள்வியை இங்கே எடுத்துக்கொள்கிறோம். விடை முழுக்க மகிழ்ச்சியானதன்று. எனினும் இன்று கொடுக்கிறவர்களும் கேட்கிறவர்களும் அறிந்திருக்க வேண்டியது.

இந்திய முஸ்லிம்கள் கடல் கடந்து அனுப்பிய பெருநிதிகளில் ஒன்று ஹிஜாஸ் ரயில் பாதைக்குரியது. உதுமானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது 1900இல் அறிவித்து, 1908இல் மதீனாவை எட்டிய பாதை அது. நன்கொடையாளர்களுக்கு உதுமானிய அரசு பதக்கம் வழங்கிற்று. கொடுத்த பணம் தண்டவாளமாகக் கண்முன் கிடந்ததால், அது எங்கே போயிற்று என்று எவரும் ஐயுறவில்லை.

அடுத்தது பால்கன் போர். 1912ஆம் ஆண்டின் இறுதியில் டாக்டர் எம். ஏ. அன்சாரி தலைமையில் ஒரு மருத்துவக் குழு பம்பாயிலிருந்து துருக்கிக்குக் கப்பலேறியது. காயமுற்ற வீரர்களுக்கும் ஊரை இழந்து ஓடிவந்த அகதிக் குடும்பங்களுக்கும் ஊழியம் செய்துவிட்டு 1913 ஜூலையில் அக்குழு திரும்பியது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அன்சாரி அங்கிருந்து கடிதங்கள் எழுதிய வண்ணம் இருந்தார். மௌலானா முஹம்மது அலி தம் ‘காம்ரேட்’ இதழில் அவற்றை வெளியிட்டார். பணம் போன வழியே செய்தியும் திரும்பி வந்தது. இந்த ஒழுங்கு அடுத்த பத்தாண்டுகளுக்குள் எப்படிக் குலைந்தது என்பதுதான் நம் கதை.

முதல் உலகப் போரில் துருக்கி தோற்றது. 1919 மே 15 அன்று கிரேக்கப் படைகள் ஸ்மர்னா துறைமுகத்தில் இறங்கின. மேற்கு அனடோலியாவின் ஊர்கள் எரிந்தன. விதவைகளும் யத்தீம்களும் உள்நாடு நோக்கி நடந்தார்கள். இந்தியாவில் கிலாபத் இயக்கம் எழுந்தது. பம்பாயைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய கிலாபத் கமிட்டி நிதி திரட்டத் தொடங்கியது. துன்புற்றவர்களுக்கென்று ஸ்மர்னா நிதி. முஸ்தபா கமால் அங்கோராவில் அமைத்த அரசுக்கென்று அங்கோரா நிதி. இயக்கச் செலவுகளுக்கென்று கிலாபத் நிதி. பெயர்கள் தனித்தனியே இருந்தன. கொடுத்த எளிய மக்களின் நெஞ்சில் அந்த வேறுபாடு எவ்வளவு தெளிவாக இருந்திருக்கும்? பள்ளிவாசலில் கேட்ட செய்தி ஒன்றுதான்: அங்கே நம் பிள்ளைகள் பசித்திருக்கிறார்கள்.

1920 ஆகஸ்டு 17 அன்று காந்தியடிகளும் மௌலானா ஷவ்கத் அலியும் திருச்சிராப்பள்ளியில் இருந்தார்கள். ஆம்பூர், வேலூர், கும்பகோணம், நாகூர் ஆகிய ஊர்களைக் கடந்து வந்த பயணம் அது. செவ்ர் உடன்படிக்கை கையெழுத்தாகி ஒரு வாரமே ஆகியிருந்தது. துல்ஹஜ் மாதம் பிறந்து ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊர் ஆயத்தமாகிக்கொண்டிருந்த நாட்கள். நத்ஹர் வலி தர்கா நிற்கும் இந்நகரில் கிலாபத்தின் குரலாக விளங்கியவர் மௌலானா சையது முர்துஸா. பின்னாளில் தென் சென்னை மாகாண முஸ்லிம்களின் பிரதிநிதியாக மத்திய சட்டசபையில் அமர்ந்தவர். அவர் பெயரால் இன்றும் திருச்சியில் ஓர் அரசு மேனிலைப் பள்ளி நடக்கிறது. மாகாண அளவில் யாகூப் ஹசன் சேட் முன்னணியில் நின்றார். துலுக்க நாச்சியாருக்குச் சன்னிதி வைத்திருக்கும் ஸ்ரீரங்கம் ஆற்றுக்கு அக்கரையில்தான் இருக்கிறது. கலீபாவின் துயரை நம் அண்டை வீட்டாரும் தம் துயராக எண்ணிப் பங்கேற்ற அரிய காலம் அது. அதை இங்கே நினைவுகூராமல் போவது நன்றியன்று.

நிதி திரட்டிய முறையையும் சொல்ல வேண்டும். ஒரு ரூபாய் கொடுத்தவருக்கு, ரூபாய் நோட்டைப் போலவே அச்சிட்ட ரசீதுகள் வழங்கப்பட்டன. பெண்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். ரசீதைக் கையில் வாங்கியவர் அதைக் குர்ஆன் பிரதிக்குள் பத்திரப்படுத்தி வைத்திருக்கக்கூடும். அதற்குமேல் அவர் அறிந்துகொள்ள வழியில்லை. அந்த ரூபாய் கிளைக் குழுவுக்கும், அங்கிருந்து மாகாணக் குழுவுக்கும், அங்கிருந்து பம்பாய்க்கும் போயிற்று.

பம்பாயில் அந்தப் பணத்துக்குப் பொறுப்பாளராக இருந்தவர் மத்திய கமிட்டியின் தலைவர் மியான் முஹம்மது சோட்டானி. மரவியாபாரத்தில் பெரும்பொருள் ஈட்டிய செல்வர். இயக்கத்துக்குத் தம் நேரத்தையும் செல்வாக்கையும் அள்ளிக் கொடுத்தவர் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் கமிட்டியின் பணம் சுமார் 16 இலட்சம் ரூபாய் அவருடைய சொந்த வியாபாரத்துக்குள் கலந்துவிட்டிருந்தது 1923 அளவில் வெளிப்பட்டது. வியாபாரம் நொடித்திருந்தது, பணத்தைத் திருப்பித் தர இயலவில்லை. ஈடாகத் தம் மர அறுவை ஆலைகளை அவர் கமிட்டியிடம் ஒப்படைத்தார். அனடோலியாவின் யத்தீமுக்கென்று கழற்றிக் கொடுத்த வளையல் பம்பாயில் மரம் அறுக்கும் வாளாகிப் போயிற்று என்று அன்று மனம் நொந்தவர்கள் எத்தனை பேரோ!

சோட்டானியைத் திருடர் என்று நாம் எழுதவில்லை. அவர் காலத்து வணிகர் பலரும் பொதுப் பணத்தைத் தம் பெட்டியிலேயே வைத்திருந்தார்கள். நம்பிக்கையின் பெயரால் ஊரும் அதை ஏற்றிருந்தது. பெரிய மனிதரிடம் கணக்குக் கேட்பது மரியாதைக்குறைவு என்று கருதும் பழக்கம் நம்மிடையே இன்றும் இருக்கிறது. குற்றத்தின் ஒரு பங்கை அந்தப் பழக்கத்தின் மீதும் வைக்க வேண்டும் என்பது நம் கருத்து. யத்தீமின் சொத்தை ஒப்படைக்கும்போது சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறு அன்னிஸா அத்தியாயத்தின் 6ஆம் வசனம் பணிக்கிறது. பொறுப்பாளர் நல்லவராக இருந்தால் சாட்சி வேண்டாம் என்று அங்கே விலக்கு எதுவும் இல்லை.

பம்பாயில் தங்காமல் துருக்கிக்கே போய்ச் சேர்ந்த பணமும் கணிசமானது. 1921இன் இறுதி முதல் 1922 வரை அது அங்கோராவுக்கு, முஸ்தபா கமாலின் பெயருக்குச் சென்றது. ஒரு பகுதி போர்ச் செலவுக்குப் பயன்பட்டது. அங்கோரா நிதி அரசுக்கென்றே திரட்டப்பட்டதால் அதில் குறை காண முடியாது. 1922 செப்டம்பர் 9 அன்று துருக்கிப் படைகள் ஸ்மர்னாவை மீட்டன. போர் முடிந்தபின் எஞ்சிய தொகை கமாலின் பொறுப்பிலேயே இருந்தது. 1924 மார்ச் 3 அன்று கிலாபத் ஒழிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு 26 அன்று துருக்கியில் ‘இஷ் பாங்காசி’ என்னும் வங்கி தொடங்கப்பட்டது. அதன் தொடக்க மூலதனமாகக் கமால் செலுத்திய 250,000 லிரா, இந்திய முஸ்லிம்கள் அனுப்பிய பணத்திலிருந்து வந்தது.

வட்டியைத் தொடுவதற்கும் அஞ்சிய மக்கள், கலீபாவைக் காக்கவென்று கொடுத்த பணம், கலீபா நாடுகடத்தப்பட்ட அதே ஆண்டில் ஒரு வங்கியின் மூலதனமாயிற்று. அந்த வங்கி இன்றும் துருக்கியின் பெரும் வங்கிகளுள் ஒன்று. கமால் தம் பங்குகளை உயில் மூலம் தம் கட்சியிடம் விட்டுச் சென்றார். அவற்றின் இலாபம் துருக்கி மொழிக் கழகத்துக்கும் வரலாற்றுக் கழகத்துக்கும் போகிறது. துருக்கியின் பார்வையில் அது ஒரு தேசத்தைக் கட்டியெழுப்பிய பணம். அவர்கள் அதை நன்றியுடனேயே குறிப்பிடுகிறார்கள். கொடுத்தவர்களின் நிய்யத்துக்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு என்பதிலும் நமக்கு ஐயமில்லை. ஆனால் கொடுத்தவரின் நிய்யத் நிறைவேறுவது வேறு, கொடுத்தவருக்கு நற்கூலி கிடைப்பது வேறு. இரண்டாவதைச் சொல்லி முதலாவதைப் பற்றிய கேள்வியை அடக்கிவிடக் கூடாது.

இனி மற்றொரு பணத்தின் கதைக்கு வருவோம். அதற்கு அந்த 1920ஆம் ஆண்டுப் பயணத்தையே மீண்டும் தொடர வேண்டும். திருச்சியிலிருந்து புறப்பட்ட காந்தியடிகளும் ஷவ்கத் அலியும் மறுநாள், ஆகஸ்டு 18 அன்று, கோழிக்கோட்டுக் கடற்கரையில் பேசினார்கள். கேட்டவர்களில் மாப்பிள்ளை முஸ்லிம்கள் ஏராளம். சரியாக ஓராண்டு கழித்து, 1921 ஆகஸ்டு 20 அன்று, திரூரங்காடியில் மலபார்க் கிளர்ச்சி வெடித்தது. அரசுக் கணக்கின்படியே கிளர்ச்சியாளரில் 2,339 பேர் கொல்லப்பட்டார்கள், பல்லாயிரவர் சிறைப்பட்டார்கள், பலர் அந்தமானுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். அக்கலவரத்தில் இந்துக் குடும்பங்களும் பெருந்துயருற்றன என்பதை மறைப்பது நேர்மையன்று. நவம்பரில், காற்றுப் புகாத சரக்குப் பெட்டியில் திரூரிலிருந்து அடைத்து அனுப்பப்பட்ட கைதிகளில் எழுபது பேரளவில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அந்தப் பெட்டி திறக்கப்பட்ட இடம் கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள போத்தனூர். நம் தமிழ் மண்.

இவர்கள் அனைவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். ஸ்மர்னாவின் யத்தீம்களுக்கு உருகிய தகப்பன்மாரின் பிள்ளைகளே இப்போது யத்தீம்கள் ஆனார்கள்.

அவர்களைத் தேடி வந்தவர் நெடுந்தொலைவிலிருந்து வந்தார். மௌலானா அப்துல் காதிர் கசூரி பஞ்சாபின் கசூரைச் சேர்ந்தவர், வழக்கறிஞர், கிலாபத், காங்கிரஸ் இரண்டிலும் தலைவர். மொழி தெரியாது; உணவு வேறு, உடை வேறு. லாகூரிலிருந்து பார்த்தால் மலபார் அன்று ஏறத்தாழ அயல்நாடுதான். அங்கே திரட்டிய பணத்துடன் இங்கே ஆட்களும் வந்தார்கள். 1922இல் கோழிக்கோட்டில் ஒரு யத்தீம்கானா திறக்கப்பட்டது. அதை நடத்திய ஜம்இய்யத் தஃவத் ஓ தப்லீக் இஸ்லாம் என்னும் அமைப்பின் பெயர், ஊரார் வாயில் சுருங்கி ‘ஜேடிடி இஸ்லாம்’ என்றாயிற்று. நாடு பிரிந்து லாகூர் எல்லைக்கு அப்பால் போனபிறகும் அது மூடப்படவில்லை. அதற்குள் மலபார் மக்கள் அதைத் தமதாக்கிக்கொண்டிருந்தார்கள். இன்று கோழிக்கோட்டின் வெள்ளிமாடுகுன்றில் பள்ளிகளும் தொழிற்கல்வி நிலையங்களும் சூழ அது நிற்கிறது. மலபாரில் பின்னர் தோன்றிய யத்தீம்கானாக்கள் பலவற்றுக்கும் அது முன்னோடி. 1943இல் காலராவில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காகத் திரூரங்காடியில் தொடங்கப்பட்ட யத்தீம்கானாவையும் இந்த வரிசையில் வைக்கலாம்.

இரண்டும் ஒரே காலத்துப் பணம். இரண்டும் ஒரே சமுதாயம், பெரும்பாலும் ஒரே இயக்கத்தார், ஒரே உருக்கத்தோடு கொடுத்தது. ஒன்று ஆலையாகவும் வங்கியாகவும் ஆயிற்று. மற்றொன்று குழந்தைகளின் தட்டில் சோறாயிற்று. கசூரியின் பணம் சிறியதாகவே இருந்திருக்க வேண்டும். ஆனால் அது யார் கையில் போய்ச் சேர்ந்ததோ அவர் குழந்தைகளோடு ஒரே ஊரில் இருந்தார். இத்தனை குழந்தைகள், இத்தனை படுக்கை, இத்தனை மரக்கால் அரிசி என்று எண்ணிச் சொல்ல முடிந்தது. ஸ்மர்னா நிதியில் எண்ணத்தக்கது ரூபாய் மட்டுமே. எந்த வீட்டுக் கதவும், எந்தக் குழந்தையின் பெயரும் அதில் இல்லை.

கடல் கடந்த யத்தீம்கானாக்களே வேண்டாம் என்பது இதன் பொருளன்று. அதே 1922இல் ஜெரூசலம் பழைய நகரில் முஸ்லிம் உச்ச மன்றம் தாருல் அய்தாம் என்னும் யத்தீம்கானாவை நிறுவிற்று. அங்கே குழந்தைகளுக்குக் கல்வியோடு கைத்தொழிலும் கற்பிக்கப்பட்டது. நிறுவனம் குழந்தையின் பக்கத்திலேயே இருக்குமானால் கடல் குறுக்கே கிடப்பது தடையாகாது.

இன்று நம் ஊரில் துண்டு ஏந்துகிறவர்களுக்குச் சில செய்திகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஜகாத்தை ஊர் விட்டு ஊர் அனுப்புவதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. உள்ளூரில் தகுதியுடையோர் இருக்கையில் வெளியே அனுப்பக் கூடாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் பொதுவான நிலை. ஹனஃபி மத்ஹபில் அது மக்ரூஹ், ஆயினும் வெளியூரில் தேவை மிகுந்தவர்களோ உறவினரோ இருந்தால் அனுப்பலாம். ராவுத்தர்களும் மரைக்காயர்களும் ஒரே சஃப்பில் நிற்கும் நம் பள்ளிவாசல்களில் இதை முன்கூட்டியே விளக்கிவிட்டுத் திரட்டுவது நலம். யத்தீம் என்பதனாலேயே ஒரு குழந்தை ஜகாத்துக்கு உரியதாகிவிடாது. ஏழையாகவும் இருக்க வேண்டும். ஸதகாவுக்கு இந்த எல்லைகள் இல்லை. ஆகவே இரண்டையும் ஒரே உண்டியலில் போடுவது, ஸ்மர்னா நிதியையும் அங்கோரா நிதியையும் ஒரே பெட்டியில் போட்ட கதையாகிவிடும். நாட்டின் சட்டமும் உண்டு. இந்தியாவிலுள்ள அறக்கட்டளை தன் பணத்தை வெளிநாட்டில் செலவிடுவதற்கு வருமான வரிச் சட்டமும் அந்நியச் செலாவணிச் சட்டமும் கட்டுப்பாடுகள் விதித்திருக்கின்றன. தனி ஒருவரின் சேமிப்புக் கணக்கில் திரட்டி, அங்கிருந்து யாரோ ஒருவர் மூலம் அனுப்புவது கொடுத்தவரையும் திரட்டியவரையும் ஒருங்கே சங்கடத்தில் மாட்டிவிடும்.

இதைவிட எளிய வழி நம் குடும்பங்களுக்குள்ளேயே இருக்கிறது. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் நேரடி விமானங்கள் பறக்கின்றன; அவ்வூர்களில் நம் அண்ணன்மாரும் மாமன்மாரும் வேலை செய்கிறார்கள். சிங்கப்பூரில் 1904இல் தோன்றிய முஸ்லிம் அறநிதிச் சங்கம் இன்றும் தாருல் இஹ்ஸான் என்னும் யத்தீம்கானாவை நடத்திவருகிறது. அத்தகைய, அந்தந்த நாட்டில் பதிவு பெற்ற இல்லங்களுக்கு அங்கேயே சம்பாதித்து அங்கேயே கொடுக்கிறவருக்கு இடைத்தரகர் தேவையில்லை. ரசீதும் ஆண்டறிக்கையும் கேட்டுப் பெறலாம். ஊருக்கு வரும்போது அந்த ஆண்டறிக்கையையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால், இங்கே ஜமாஅத்தார் முன்னிலையில் படித்துக் காட்டலாம்.