திறக்கப்படாத கடிதங்கள்

மைசூர்ப் பகுதியில் கிடைத்த கங்கர் செப்பேடுகள் பலவற்றைப் போலி என்று ஜே. எஃப். ஃப்ளீட் ஒதுக்கியபோது, எழுத்தமைதியும் காலக்குறிப்பும் அவருக்கு அளவுகோல்களாயின. ஏடு தன்னைப் பற்றிச் சொல்வதையும் அதன் எழுத்து காட்டுவதையும் ஒப்புநோக்கும் அம்முறையே பீமா கோரேகான் வழக்கின் மின்னாவணங்களுக்கும் தேவைப்பட்டது.

அவ்வழக்கில் குற்றம்சாட்டப்பட்ட ரோனா வில்சனின் மடிக்கணினியை ஆராய்ந்த அமெரிக்கத் தடயவியல் நிறுவனமான ஆர்சனல், 2021 பிப்ரவரியில் தன் அறிக்கையை வெளியிட்டது. 2016 ஜூனில் வந்த மின்னஞ்சலின் இணைப்பு வழியாக ‘நெட்வயர்’ என்னும் டிரோஜன் கணினிக்குள் நுழைந்தது. மறைக்கப்பட்ட கோப்புறை ஒன்றில் கடிதங்கள் வைக்கப்பட்டன. அவற்றை வில்சன் திறந்ததற்கான தடயமே இல்லை என்றது அவ்வறிக்கை. கணினியில் இருந்தது வேர்ட் 2007. சில கடிதங்களோ அதற்குப் பிந்தைய வேர்ட் பதிப்பில் உருவானவை. எழுத்தமைதி இங்கும் காட்டிக்கொடுத்தது.

ரூட்கிட் இயங்குதளத்தையே வளைத்துக் கோப்புப் பட்டியலிலிருந்து தன்னை மறைத்துக்கொள்ளும். நெட்வயருக்கு அவ்வளவு கூடத் தேவைப்படவில்லை. ஆவணம்போல் நுழைந்து, பின்புலத்தில் ஓடி, விசையழுத்தங்களைப் பதிவுசெய்து, தொலைவிலிருந்து கோப்புகளை எடுக்கவும் வைக்கவும் வழிதிறந்தது. எவரும் விலைகொடுத்து வாங்கக்கூடியதாக இருந்த அதன் விற்பனைத் தளம் 2023 மார்ச்சில்தான் முடக்கப்பட்டது.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்து விரகாலூரில் 1937இல் பிறந்த இயேசு சபைத் துறவி ஸ்டேன் சுவாமி, 1975 முதல் 1986 வரை பெங்களூரின் இந்திய சமூக நிறுவனத்தை வழிநடத்தியவர். பின்னர் ஜார்க்கண்டில் பழங்குடியினரின் உரிமைகளுக்காக உழைத்தவர். 2020 அக்டோபர் 8 அன்று அவர் கைதானார். தம் கணினியில் கிடைத்தவை எனக் காட்டப்பட்ட பகுதிகள் தமக்குத் தெரியாமல் வைக்கப்பட்டவை என்று கைதுக்கு முன்பே மறுத்திருந்தார். 2021 ஜூலை 5 அன்று, பிணை கிடைக்காமலேயே, 84ஆம் வயதில் மும்பை மருத்துவமனையில் இறந்தார்.

அவருடைய கணினி குறித்த ஆர்சனலின் அறிக்கை 2022 டிசம்பரில் வெளிவந்தது. ஊடுருவல் 2014 அக்டோபரிலேயே தொடங்கியது என்றும், 2019 ஜூன் 12 அன்று காவல்துறை கணினியைக் கைப்பற்றுவதற்கு முந்தைய இரவில் ஊடுருவியவர் தம் தடயங்களை அழிக்க முயன்றார் என்றும் அது கூறியது. ஊடுருவியவர் யார் என்று ஆர்சனல் பெயர் சுட்டவில்லை. தேசியப் புலனாய்வு முகமை அதன் முடிவுகளை ஏற்கவுமில்லை.

செப்பேட்டின் மெய்ம்மையை ஒரு நூற்றாண்டு கழித்தும் விவாதிக்கலாம். அதில் பெயர் பொறிக்கப்பட்டவர் சிறையில் காத்திருப்பதில்லை. ஸ்டேன் சுவாமியின் மறுப்பை ஆராய்ந்த அறிக்கையோ அவர் இறந்து பதினேழு மாதங்கள் கழித்தே வந்து சேர்ந்தது.