பைத்தான் கத்துக்கிறீங்களா? ஒரு ஃபிராக்டல் வரைங்க!

ஸ்ரீ சிட்டி வேலைக்காக பைத்தான் கத்துக்கிறீங்களா? 'ஹலோ வேர்ல்ட்' முடிந்ததும் ஒரு ஃபிராக்டல் வரைஞ்சு பாருங்க.

ஃபிராக்டல்னா என்ன?
முழு வடிவமே அதன் சிறு பகுதியிலும் திரும்ப வருவது. 1975-இல் மாண்டல்பிராட் வைத்த பெயர். நம் வாசல் கோலங்கள் சிலவும் இப்படித்தான் வளரும். கோலங்களைக் கணினிக்கான இலக்கணமாக்கி, கிஃப்ட் சிரோமணி உள்ளிட்டோர் 1974-லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர்.

எப்படித் தொடங்குவது?
கோக் வளைகோடு எளிது. கோட்டின் நடு மூன்றில் ஒரு பங்கை முக்கோண முனையாக மடக்கினால், ஒரு கோடு நான்காகும். ஒவ்வொன்றிலும் அதையே திரும்பச் செய்தால், ஆறே சுற்றில் 4,096 கோடுகள். வரைய பைத்தானுடனே வரும் 'டர்ட்டில்' போதும்.

எங்கே மாட்டுவீங்க?
நிறுத்தச் சொல்ல மறந்தால், சுமார் 1,000 அழைப்புகளில் பைத்தான் பிழை காட்டி நின்றுவிடும். அதனால் ஃபங்ஷனின் தொடக்கத்திலேயே 'சுற்று 0 என்றால் கோடு போட்டுத் திரும்பு' என எழுதிடுங்க. ரிகர்ஷனில் பாதி அதுதான்.