ரிப்போர்ட்டில் ‘டிபி53 மியூட்டேஷன்’ என்று இருக்கிறதா? பதறும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ புற்றுநோய். கட்டியில் செய்த மரபணுப் பரிசோதனையின் ரிப்போர்ட் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வருகிறது. பக்கம் பக்கமாகப் புரியாத சொற்கள். நடுவில் ஒரு வரி: ‘டிபி53 மியூட்டேஷன் உள்ளது’. கூகுளில் தேடியதும் வயிற்றைக் கலக்குகிறது. “அப்போ இது பரம்பரையா? எனக்கும் வருமா?”

பெரும்பாலும் அப்படி இல்லை. ஏன் என்று பார்ப்போம்.

டிபி53 என்றால் என்ன?

17-வது குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணு. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என நம் எல்லோரிடமும் இரண்டு பிரதிகள் இருக்கு. இதை வைத்து செல் தயாரிக்கும் புரதத்தின் பெயர் பி53.

இது ‘டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்’ வகைப் புரதம். அதாவது, டிஎன்ஏ-வில் குறிப்பிட்ட இடங்களில் போய் உட்கார்ந்து மற்ற மரபணுக்களை ஆன் செய்வதுதான் இதன் வேலை.

அது எப்படி நம்மைக் காக்கிறது?

சாதாரண நாட்களில் செல்லுக்குள் பி53 ரொம்பக் குறைவாகவே இருக்கும். எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம் அதை அழித்துக்கொண்டே இருப்பதுதான் காரணம். கதிர்வீச்சாலோ புகையாலோ டிஎன்ஏ சேதமானால் அந்தப் பிடி தளர்கிறது, பி53 அளவு கூடுகிறது.

முதலில் பி21 என்ற மரபணுவை ஆன் செய்து, செல் இரண்டாகப் பிரிவதை நிறுத்துகிறது. சேதத்தைச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கிறது. சரிசெய்யவே முடியாத அளவுக்குச் சேதம் என்றால், வேறு மரபணுக்களை இயக்கி அந்த செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ள வைக்கிறது. ஒரு செல் போனால் பரவாயில்லை, பழுதான செல் பெருகக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு.

1979-ல் பி53 கண்டறியப்பட்டபோது, இது புற்றுநோயைத் தூண்டுவது என்றே விஞ்ஞானிகள் நினைத்தார்கள். ஆய்வகங்களில் பயன்படுத்திய பிரதிகளே பழுதானவை என்பது பிறகுதான் தெரிந்தது. இது புற்றுநோயைத் தடுக்கும் மரபணு என்பது 1989-ல் தெளிவானது.

எங்கே பழுதாகிறது?

மனிதப் புற்றுநோய்களில் சுமார் பாதியில் டிபி53 பழுதாகியிருக்கிறது. பெரும்பாலும் ஒரே ஓர் எழுத்து மாற்றம்தான். அதுவும் டிஎன்ஏ-வைப் பிடிக்கும் பகுதியிலேயே அதிகம். பிடிக்க முடியாவிட்டால் எதையும் ஆன் செய்ய முடியாது. நான்கு பி53 சேர்ந்துதான் வேலை செய்யும் என்பதால், பழுதான ஒன்று நல்லதையும் முடக்கிவிடும்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் கதை வேறு. அங்கே பெரும்பாலும் மரபணு நன்றாகவே இருக்கும். எச்பிவி வைரஸின் இ6 புரதம், செல்லில் உருவாகும் பி53-ஐ அழித்துவிடுகிறது. எச்பிவி தடுப்பூசி முக்கியமாவது இதனால்தான். அந்தத் தொற்றே வராமல் தடுக்கிறது.

அப்போ எனக்கு ஆபத்தா?

ரிப்போர்ட்டில் இருப்பது கட்டியின் மரபணு. புகையிலை, வெயில், வயது எனப் பல காரணங்களால் வாழ்நாளில் ஏதோ ஒரு செல்லில் ஏற்பட்ட மாற்றமாகவே அது பெரும்பாலும் இருக்கும். அது பிள்ளைகளுக்குப் போகாது.

சில குடும்பங்களில் மட்டும் பழுதான பிரதி பிறவியிலேயே உடலின் எல்லா செல்களிலும் இருக்கும். இதற்கு லி-ஃப்ராமெனி சிண்ட்ரோம் என்று பெயர். 1969-ல் இரண்டு மருத்துவர்கள் இத்தகைய குடும்பங்களை விவரித்தார்கள். டிபி53-தான் காரணம் என்பது 1990-ல் தெரியவந்தது. இதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பழுது வர 50% வாய்ப்பு உண்டு.

எப்போது சந்தேகப்பட வேண்டும்? 31 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய், குழந்தைப் பருவத்தில் அட்ரீனல் சுரப்பிப் புற்றுநோய், ஒரே குடும்பத்தில் இளம் வயதிலேயே பலருக்கு எலும்பு, தசை, மூளைக் கட்டிகள் என்றிருந்தால், மரபணு ஆலோசகரைப் பார்ப்பது நல்லது. பழுது உறுதியானால் முறையான கண்காணிப்பு உண்டு. கதிர்வீச்சு சிகிச்சையையும் முடிந்தவரை தவிர்ப்பார்கள், அதுவே புதிய கட்டிக்கு வழிவகுக்கலாம் என்பதால்.

டாக்டரிடம் என்ன கேட்பது?

ஒன்று: “இந்த மாற்றம் கட்டியில் மட்டுமா, பிறவியிலேயே இருப்பதா? அதைத் தெரிந்துகொள்ள தனிப் பரிசோதனை தேவையா?”

இரண்டு: “இதனால் சிகிச்சை மாறுமா?” நாள்பட்ட லிம்ஃபோசைடிக் ரத்தப் புற்றுநோய் போன்ற சிலவற்றில் நிச்சயம் மாறும். டிபி53 பழுதானால் வழக்கமான கீமோ அங்கே சரியாகப் பலன் தராது, வேறு மருந்துகளைத் தேர்ந்தெடுப்பார்கள்.

கூகுளில் தேடுவதற்கு முன் இந்த இரண்டையும் கேட்டுவிடுங்கள். அந்த ஒரு வரிக்கு உங்கள் வீட்டில் என்ன அர்த்தம் என்பது அப்போதுதான் தெரியும்.