கலங்கலும் தெளிவும்

ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதும்போது ‘லூசிட் ஆக இல்லை’ என்று எழுதி, அடித்து, ‘தெளிவில்லை’ என்று மாற்றினேன். பி.ஏ. ஆங்கிலம் படித்தவனின் பழக்கம். இரண்டு சொல்லும் ஒன்றில்லை என்று பிறகுதான் பட்டது.

லூசிட் வெளிச்சத்தின் சொல். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியபோது அதன் பொருள் பிரகாசம்தான். நடையைப் புகழ அதை எடுத்துக்கொண்டது வெகு பின்னால். இடையில் அது வக்கீல்களிடமும் வைத்தியர்களிடமும் இருந்தது. சித்தம் பேதலித்தவன் நடுவே தன்னிலையில் இருக்கும் நேரம் ‘லூசிட் இன்டர்வல்’. வங்கியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இந்தப் பொருள்தான் நெருக்கம். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 12-வது பிரிவு, பெரும்பாலும் புத்தி கலங்கியிருப்பவரும் தெளிந்திருக்கும் வேளையில் ஒப்பந்தம் செய்யலாம் என்கிறது. (பிரிவின் வாசகத்தில் அந்தச் சொல் இல்லை, வக்கீல்களின் வாயில் உண்டு.)

ஆரணியில் எங்கள் கவுன்டருக்கு, பட்டு நெய்து ஓய்ந்த ஒரு கிழவரை மகன்கள் கூட்டி வந்தார்கள். டெபாசிட்டை முறிக்க வேண்டும். ‘அப்பா இன்னைக்குத் தெளிவா இருக்காரு சார்’ என்றார் மூத்தவர். அந்த ‘இன்னைக்கு’ என்னைப் பிடித்துக்கொண்டது.

தமிழில் தெளிவு, குணமாவதற்கு முன் ஒரு நிகழ்ச்சி. கலங்கியதுதான் தெளியும்: தண்ணீர், போதை, பித்தம். குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை இழைத்து நீர் ஊற்றி வைத்தால் வண்டல் கீழே போகிறது, காணாமல் போவதில்லை. நெய்தற்கலியில் பிரிவால் பித்தேறிப் புலம்பியவள் காதலன் வந்ததும் தெளிகிறாள். நல்லந்துவனார் அங்கே கொண்டுவரும் உவமை இந்தக் கொட்டைதான். வக்கீலின் லூசிட் அவருக்கு உடனே புரிந்திருக்கும். மதிப்புரைக்காரனின் லூசிட்?

தண்டியலங்காரம் தெளிவைப் பத்துக் குணங்களில் ஒன்றாக்கிவிட்டது. வடமொழியில் அது பிரசாதம். அந்த வேரும் படிந்து அமர்தல்தான். ஆனால் அது வைதருப்ப நெறிக்கு உரியது. கௌடர்கள் வேறு வழியில் போனார்கள்; அவர்களையும் யாரும் கவிகள் இல்லை என்று தள்ளவில்லை. வேறு சொல் வருவிக்காமலே பொருள் முடிவது ‘உய்த்தலில் பொருண்மை’ என்று தனிக் குணம். புதுக்கவிதையிடம் தெளிவு என்று நாம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான், அதுவும் முதல் வாசிப்பிலேயே. வண்டல் படிய அவகாசம் தருவதில்லை.

கிழவரிடம் கேட்டேன்: ‘ஐயா, இந்தப் பணம் எதுக்கு?’ வெகுநேரம் பார்த்துவிட்டு, ‘பாவு இன்னும் பிணைக்கலையே’ என்றார். மகன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மேனேஜர் இன்னொரு நாள் வரச் சொன்னார்.

பழைய பாவின் கடைசி இழைகளோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்தால்தான் தறி ஓடும் என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். அவர் பதிலில் தெளிவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மதிப்புரை அதற்குள் அச்சுக்குப் போய்விட்டது.