நிறையிடல்
'நிறு' என்னும் வினை தரும் நிறையும் நிரம்புதலைக் குறிக்கும் நிறையும் ஒலியால் ஒன்று. 'எடு' என்பதிலிருந்து வந்த எடையோ தூக்கிப் பார்ப்பதோடு நின்றுவிடும். ஆகவே பாடநூல்கள் 'நிறையிட்ட சராசரி' என்றெழுதுவதே பொருத்தம். மாதிரிக் கணக்கெடுப்பில் நிறை என்பது கனமன்று, வராதவரின் இடத்தையும் நிரப்புவது. அமெரிக்காவின் 2017 தேசியக் குடும்பப் பயணக் கணக்கெடுப்பில் இடம்பெற்றவை 1,29,696 குடும்பங்கள்; நாட்டிலிருந்தவை சுமார் 11.8 கோடி. ஒரு குடும்பம் சராசரியாகத் தொள்ளாயிரம் குடும்பங்களுக்காக நிற்கிறது. தேர்வாகும் வாய்ப்பின் தலைகீழ் மதிப்பே தொடக்க நிறை. பதில் தராதோருக்காக அதைத் திருத்தி, பிறகு மக்கள்தொகை விவரங்களோடு பொருந்தும்வரை திரும்பத் திரும்பச் சரிசெய்வார்கள்.

இது கணக்கைத் திரிப்பதாகாதா? ஆகாது. நிறையிடாமல் கூட்டுவதும் எல்லோருக்கும் ஒன்று என்னும் நிறையை இடுவதுதான். அக்கணக்கெடுப்பில் சில மாநிலங்கள் தாமே பணம் தந்து கூடுதல் மாதிரி எடுக்கச் செய்தன. வெறுமனே கூட்டினால் அவற்றின் பயணமே நாட்டின் பயணமாகிவிடும். பதில் தராத இளைஞர், பதில் தந்த அதே வயதினரைப் போலத்தான் பயணிக்கிறாரா என்ற கேள்வி, திரிப்பு என்ற ஐயத்தைவிட வலுவானது. அப்படித்தான் பயணிக்கிறார் என்பது அனுமானமே, எந்த நிறையும் அதை மெய்ப்பிக்காது. ஒரு வீட்டின் நிறை மிகப் பெருகினால் அந்த வீட்டின் தனிப்போக்கு முடிவையே ஆட்டிவிடும் என்பதால், அத்தகைய நிறைகளை வெட்டிக் குறைப்பதும் உண்டு.