விகுதி வினையான கதை

ராயகிரி டீக்கடையில் ஒருவரைக் காட்டி "இவுக எங்க அண்ணாச்சி" என்றால் பேச்சு நிறைந்துவிடும். அதில் வினைச்சொல்லே இல்லை. ஆங்கிலத்திலோ நடுவே ஒரு 'இஸ்' வந்தாக வேண்டும். நம்மைப் போலவே அது இல்லாமல் பேசுகிறவர்கள் ஹாலிவுட்டின் கற்பனைக் கிரகம் ஒன்றில் இருக்கிறார்கள்: கிளிங்கான்கள்.

1979-இல் 'ஸ்டார் ட்ரெக்' முதல் படத்துக்காக நடிகர் ஜேம்ஸ் டூஹன் அவர்களுக்குச் சில கரடுமுரடான ஒலிகளைச் செய்து கொடுத்தார். அதை மொழியாக வளர்க்கும் வேலை 1984-இன் மூன்றாம் படத்தில் மார்க் ஓக்ராண்டிடம் வந்தது. கலிபோர்னியப் பழங்குடியினரின் முட்சுன் மொழி இலக்கணத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர் அவர். நாவை மடித்துச் சொல்லும் நம் 'ட'வை ஒத்த ஒலியைச் சேர்த்தார். 'இரு' என்ற வினையை வேண்டுமென்றே விட்டார். 1985-இல் வெளிவந்த அகராதியில் 'தாஹ்' என்பது வினையின் வாலில் ஒட்டும் விகுதி. செயல் தொடர்வதைக் காட்டும், நம் 'கொண்டிரு' போல. அதே ஒலியில் தனி வினை ஒன்றும் உண்டு. எதிர்மறைக் கோணத்தில் இருப்பதைச் சொல்லும் சொல் அது.

1991-இல் வந்தது சிக்கல். ஆறாம் படத்தில் கிளிங்கான் தளபதி ஷேக்ஸ்பியர் பேச வேண்டும். அதுவும் 'இருப்பதா, இல்லாமல் போவதா' என்ற ஹாம்லெட்டின் புகழ்பெற்ற கேள்வியை! 'இரு' இல்லாத மொழியில் எப்படிக் கேட்பது? ஓக்ராண்ட் முதலில் 'வாழ்' என்ற வினையை வைத்துப் பார்த்தார். நடிகர் கிறிஸ்டோபர் பிளம்மருக்கு அந்த ஒலியில் முரட்டுத்தனம் போதவில்லை. உடனே விகுதியாகக் கிடந்த 'தாஹ்' வினையாகத் தலைநிமிர்ந்தது: தொடர், நீடி, தாக்குப்பிடி. 1996-இல் முழு 'ஹாம்லெட்'டே கிளிங்கானில் அச்சேறியது.

தமிழில் பயணம் நேர் எதிர்த்திசை. 'இரு' என்ற முழுவினை தேய்ந்து, 'வந்துக்கிட்டிருக்கான்' என்பதில் துணையாக ஒட்டிக்கொண்டது.

நம் பக்கத்திலும் மொழி செய்தவர் உண்டு. ஆஸ்திரேலியாவில் படித்த நாளில் குழந்தைகளோடு விளையாட மதன் கார்க்கி கோத்த சொற்களே 2015-இல் 'பாகுபலி'யின் கிளிக்கி மொழிக்கு விதை. அதில் 'மின்' என்றால் நான். திருப்பிப் போட்ட 'நிம்' நீ.

"நல்லா இருக்கியளா?" என்று கேட்டால் எங்கள் பக்கம் "ஏதோ ஓடிக்கிட்டிருக்கு" என்பார்கள். கிளிங்கானுக்கு அந்தப் பதிலுக்கு ஒரே சொல் போதும்: தாஹ்.